அங்கமுத்துவின் பங்கு

டவுன் ஆஸ்பத்திரியின் லேப் வாசலில் வேம்பு கால் மாற்றி மாற்றி நின்றாள். பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது; உட்கார்ந்தால் அடியில் எரிந்தது. குன்னம் பக்கத்தில், அவள் ஊரில், இந்நேரம் பருத்தி எடுக்க எல்லோரும் காட்டில் இறங்கியிருப்பார்கள்.

வெள்ளைப்படுவதும் அரிப்பும் நிற்கவில்லை; வெயிலில் குனிந்தே கிடக்கிற உடம்பு, சூடு பிடித்துக்கொண்டது என்றுதான் கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். வெந்தயத் தண்ணீர் குடித்துப் பார்த்தாள், எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரைக்குக் கொஞ்ச நாள் அடங்கியது, பாழாய்ப்போனது மறுபடியும் வந்துவிட்டது. "இந்தத் தடவையும் போவலைன்னா ஒங்கம்மா வூட்டோட போயிரு, நாத்தம் தாங்கல" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தான் புருஷன் அங்கமுத்து.

லேபில் வேலை பார்க்கும் சுகன்யா மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள்.

"என்னம்மா தெரியுது? சூடு தெரியுதா?" என்று வேம்பு எட்டிப் பார்த்தாள்.

சுகன்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்களே பாருங்கக்கா."

முதலில் வெறும் வெளிச்சம். பிறகு நடுவே ஒன்று துடித்துத் துடித்து நகர்ந்தது. கத்திரிப்பிஞ்சு மாதிரி இருந்தது, நுனியில் மயிர்போல எதையோ அடித்துக்கொண்டே போயிற்று.

"அய்யய்யோ, உசுரோட இருக்கே!"

"சூடெல்லாம் இல்லக்கா, இது ஒட்டுண்ணி. புருசன் பொண்டாட்டி சேரும்போது ஒட்டும். ஆம்பளைங்க நெறைய பேருக்கு வெளியவே தெரியாது. டாக்டரம்மா மாத்திரை தருவாங்க, ஆளுக்கு நாலு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல போடணும். ஒருத்தர் விட்டாலும் திரும்ப வந்துரும். மூணு நாளைக்குக் குடிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க."

வேம்பு வேறு ஆளைத் தெரியாதவள். அப்படியென்றால் இது யாரிடமிருந்து வந்தது? பஸ்ஸில் திரும்பும்போது அங்கமுத்துவை மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். அதே சமயம், அந்த மயிர் எப்படி அப்படி அடித்துக்கொள்கிறது என்றும் யோசித்துக்கொண்டே வந்தாள்.

கல்குவாரி வேலை முடிந்து சாயங்காலம் வந்த அங்கமுத்து, அவள் லேபில் பார்த்ததைச் சொல்லச் சொல்ல வாயைப் பிளந்து கேட்டான்.

"கண்ணு இருந்துச்சா?"

"கண்ணு இல்ல. வாலு மாதிரி இருந்துச்சு."

"கடிக்குமா? எத்தினி கெடந்துச்சு?"

"யாரு எண்ணுனா! ஒங்களுக்குள்ளயும் கெடக்கு மாமா. நீங்களும் நாலு மாத்திரை போடணுமாம்."

அவன் முகம் மாறிவிட்டது. "எனக்கு அரிக்குதா, எரியுதா? சீக்கு ஒனக்கு, மாத்திரை எனக்கா?"

"ஆம்பளைக்குத் தெரியாதாம். நீங்க போடலைன்னா எனக்குத் திரும்ப ஒட்டிக்கும். எனக்கு மட்டும் வானத்துலேருந்தா வந்துச்சு?"

அவன் துண்டை உதறினான். மூன்று நாள் குடிக்கக் கூடாது என்று அவள் சொன்னதும் சிரித்தான்.

"நாளைக்குச் சனிக்கெழமடி, சம்பளம் போடுற நாளு."

பிறகு என்ன நினைத்தானோ, குரல் தணிந்தது. அவள் கொண்டுவந்திருந்த மாத்திரை உறைகளில் தன்னுடையதைப் பிரித்து நாலு மாத்திரையையும் அவள் உள்ளங்கையில், அவளுடைய நாலோடு சேர்த்துப் போட்டான்.

"எம் பங்கையும் நீயே போட்டுக்க. வெரசாப் போயிரும்."

"நான் எத்தினி போட்டாலும் போவாது மாமா..."

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் மொண்டு கொடுத்ததில்லை. இப்போது தானே போய்ச் செம்பு நிறைய மொண்டுவந்து நீட்டினான். அவள் விழுங்கட்டும் என்று எதிரிலேயே நின்றான்.