மேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் கார்

1

ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறு. தங்கை புருஷன், அதாவது மாப்பிள்ளை, தர வேண்டிய பணம். சமையலறைக் கூரை ஒழுகுகிறது என்று சொல்லி வாங்கினார். கூரை இன்னும் ஒழுகுகிறது. பணம் அவருடைய மின்சாரக் காரின் அடியில், நாலு சக்கரத்துக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்தக் கதை பிறந்த விதம் இதுதான். ஞானமெல்லாம் ஒன்றும் இல்லை, வயிற்றெரிச்சல்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பொன்னிற மாலையில், நீண்டு கிடந்த சாலையின் விளிம்பில் ஒரு

(வேண்டாம். மாலையில் இடுப்பு பிடித்துப்போய்ப் படுத்திருப்பேன். பொன்னிறத்தை யார் கண்டது?)

2

கதாநாயகர் ரோடு போடும் கூலியாள். தார்க்காரர் என்று வைத்துக்கொள்வோம். 'நான்' என்று எழுதினால் மாப்பிள்ளை சண்டைக்கு வருவார். 'தார்க்காரர்' என்றால் வேறு யாரோ என்று விட்டுவிடுவார். (விடமாட்டார். இருந்தாலும் ஒரு நப்பாசை.)

பணம் போனதைவிடத் தார்க்காரருக்குப் பெரிய கவலை, தங்கை அவர் வீட்டுப் படி ஏறாததுதான். கேட்டால் கார்மேல் பழி. அந்தப் பணத்தில் பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் என்று ஒன்றைப் போட்டு வண்டியைத் தாழ்த்திவிட்டார்களாம். தெருமுனை வேகத்தடையில் வயிறு உரசுமாம். அதனால் கார் மேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று, ஒரு ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிப் போகும்.

அந்த மேட்டைப் போட்டதே தார்க்காரர்தான். சொந்தத் தெருவாயிற்றே என்ற பாசத்தில் நாலு சட்டி கலவையைக் கூடுதலாகக் கொட்டியிருந்தார்.

3

இங்கே கதை படுத்துவிட்டது. பேக்கேஜ் என்றால் என்ன என்று தெரியாமல் மேலே எப்படி எழுதுவது? தெரிந்தவர் ஒரே ஆள். பணம் வாங்கிய நாளிலிருந்து போனை எடுக்காத ஆள். "கார் பற்றி ஒரு சந்தேகம்" என்று எழுத்துக்கூட்டி ஒரு செய்தி அனுப்பினார் தார்க்காரர். கையில் இருக்கும்போதே போன் அடித்தது.

"சொல்லுங்க மச்சான்!"

"சாதா காருக்கும் உங்க காருக்கும் என்ன மாப்ளே வித்தியாசம்?"

"அப்படிக் கேளுங்க! ஸ்பிரிங் குட்டை, வண்டி ஒரு விரக்கடை தாழ்ந்திருக்கும். ஷாக் அப்சார்பர் கெட்டி. வளைவுல ஒடிச்சாலும் சாயாது, பசை போட்ட மாதிரி ஓடும். முன்னாடி பிரேக் டிஸ்க் சோத்துத்தட்டு அகலம். அதைக் கவ்வுற காலிப்பர் சிவப்பு!"

"சிவப்பா இருந்தா சீக்கிரம் நிக்குமா?"

"கிண்டல் பண்ணாதீங்க மச்சான். மலை உச்சியில இருந்து பறந்து வந்து மிதிமிதின்னு மிதிச்சாலும் சூடேறிக் கைவிடாது."

"நீங்க எந்த மலையில இறங்குறீங்க?"

"ஆபீசுக்குப் போயிட்டு வர்றேன்."

"அங்க மிதிப்பீங்களா?"

"மின்சார வண்டில மிதிக்கவே தேவையில்ல மச்சான். ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாப் போதும், மோட்டாரே இழுத்துப் பிடிச்சுரும். பிரேக்கு பாவம், துருப்பிடிச்சுக் கெடக்கு."

(இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். என் பணம் துருப்பிடித்துக் கிடக்கிறது என்று அவர் வாயாலேயே கேட்டபின் எப்படி எழுதுவது?)

4

"சொன்னாப் புரியாது, வாங்க ஓட்டிக் காட்டுறேன்" என்றார் மாப்பிள்ளை. தார்க்காரர் மேட்டைத் தாண்டி நடந்துபோய் ஏறினார். பின் இருக்கையில் தங்கை. அண்ணனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

வளைவில் வண்டி சாயவில்லைதான். ஆனால் ரோட்டில் இருந்த ஒவ்வொரு ஒட்டும் முதுகெலும்பில் ஏறியது. குழாய்க்குத் தோண்டி மூடிய பள்ளம், டக். மழைக்கு முன் அவசரமாக அடைத்தது, டக் டக்.

"எவன் மச்சான் போட்டான் இந்த ரோட்டை? அவன் கையை ஒடிக்கணும்."

தார்க்காரர் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணன்தான் போட்டுச்சு" என்றாள் தங்கை. அன்று அவள் பேசிய முதல் பேச்சு. "ஒடிக்கிறதுன்னா காசைக் குடுத்துட்டு ஒடிங்க. பள்ளத்துக்குப் பள்ளம் இது அண்ணன் காசு, அண்ணன் காசுன்னு இடுப்புல குத்துது. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அண்ணன் வாசல்ல போய் நிக்கிறது?"

மாப்பிள்ளை காலை எடுத்தார். கார் தானாக நின்றது. பிரேக்குக்கு அப்போதும் வேலை வரவில்லை.

5

முடிவுகள்.

(அ) குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருகிறது. சிவப்பு பிரேக் காப்பாற்றுகிறது. தார்க்காரர் கண்ணீர் மல்கக் கடனை

(சீ. என் கடனுக்காக ஒரு குழந்தையை எதற்கு ரோட்டில் விடுவது? போதாததற்குத் துரு வேறு.)

(ஆ) தார்க்காரர் விடிவதற்குள் கடப்பாரையோடு போய், தான் போட்ட மேட்டைத் தானே செதுக்குகிறார். இதை எழுத முடியாது, வேலை போய்விடும். (மேடு முன்பைவிட ஒரு விரல்கடை தாழ்ந்திருக்கிறதே என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது.)

(இ) காரிலிருந்து கழற்றிப் பரணில் போட்டிருந்த பழைய ஸ்பிரிங்கையும் பழைய பிரேக்கையும் தங்கை இறக்கச் சொன்னாள். பேக்கேஜை இன்னொரு கார்ப் பைத்தியம் வாங்கிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை கார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து, மேட்டில் ஏறி, உரசாமல் இறங்கியது. தங்கை படியேறி, அண்ணன் கையில் கவரை வைத்தாள். ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

"மீதி?" என்றார் தார்க்காரர், கேட்டு வைப்போமே என்று.

"என்ன மச்சான் இப்படிக் கேக்குறீங்க? உங்க கதைக்கு ஸ்பிரிங்கு, பிரேக்குன்னு அத்தனை விஷயம் சொல்லியிருக்கேன். அதுல கழிச்சுக்குங்க."

தங்கை சிரித்துவிட்டாள். பல மாதம் கழித்து அந்த வீட்டுக்குள் கேட்ட சிரிப்பு. அதற்கு என்ன விலை போடுவது?

கழித்தாயிற்று.

எந்த முடிவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். காரைப் பற்றி மேலே சொன்னதில் ஏதாவது தப்பு இருந்தால் என்னிடம் வராதீர்கள். சொன்னவர் முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு வாங்கியிருக்கிறார். முடிந்தால் நீங்கள் வசூல் பண்ணிக்கொள்ளுங்கள்.