மதலேனம்மாளின் மத்திக் குழம்பு

1

இந்தக் கதை எனக்கு போடிமெட்டில் கிடைத்தது. லாரி ஒன்று வளைவில் குறுக்கே நின்றுவிட, முன்னும் பின்னும் வண்டிகள் தேங்கிவிட்டன. டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் இருந்தவர் ஜின்சன். கொச்சியில் ஒரு மலையாளச் சேனலின் கேமராமேன். நான் கதை எழுதுகிற ஆள் என்று தெரிந்ததும், "அப்ப இதக் கேளுங்க" என்று என் பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தார். அவர் வாயால் வந்ததை நான் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "சக்குபள்ளத்து ஏலக்காய்த் தோட்டங்களைப் பனி போர்த்தியிருந்த ஒரு காலையில்..."

(வேண்டாம். பனி போர்த்தாத மலைக்கதை ஒன்றாவது இருக்கட்டும்.)

அடுத்தது: "பெர்சி பொய் சொல்கிறவள் அல்ல."

(இப்படிச் சொன்ன மாத்திரத்தில் நீங்கள் அவளைச் சந்தேகப்படுவீர்கள். படுங்கள். இதையே வைத்துக்கொள்கிறேன்.)

2

பெர்சி பொய் சொல்கிறவள் அல்ல. மலைக்கு அந்தப் பக்கம் சக்குபள்ளத்தில், தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அம்மா மதலேனம்மாள் காய் எடுக்கும் பெண்களுக்குக் கங்காணி. அவள் ஒரு சத்தம் போட்டால் அடுத்த தோட்டத்துப் பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்துகொள்வார்கள். அப்பா வேதமுத்து ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இரவெல்லாம் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தான், ஆகவே சமையலும் அவர்தான். மதலேனம்மாளுக்குச் சுடுதண்ணீர் வைக்கத் தெரியும்.

(கடைசி வாக்கியம் மிகையோ என்று அடித்தேன். ஜின்சன் சொன்ன மிச்சத்தை நினைத்துப் பார்த்து மறுபடியும் சேர்த்தேன்.)

தேக்கடியில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் இருந்தாள் பெர்சி. சேனல்காரர்கள் அங்கே நடத்திய சமையல் போட்டிக்கு ஆள் குறைந்தது. அவளைப் பிடித்து நிறுத்தினார்கள். அப்பா வைக்கிற மாதிரியே மத்திக் குழம்பு வைத்தாள். தேர்வாகிவிட்டாள். இறுதிச் சுற்று கொச்சியில். கிளம்பும்போது வேதமுத்து பஸ் ஏற்றிவிட வந்தார்.

"எம் பேர மட்டும் டிவில சொல்லிராதம்மா," என்றார். "ஸ்டோர்ல இருக்கவங்ய சும்மாவே ஒரு மாதிரி. மறுநாள்லருந்து வேதமுத்தக்கான்னு கூப்பிடுவாங்ய."

விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

ஆகவே கொச்சியில் ஜெயித்துவிட்டு நின்றவளிடம், யார் கற்றுக்கொடுத்தது என்று மைக்கை நீட்டியபோது, பெர்சி "எங்க அம்மா" என்றாள்.

அந்த இரண்டு சொல் அவளுக்குப் பத்து வருடம் சோறு போட்டது. தனி நிகழ்ச்சி, ஊறுகாய் பாட்டிலில் முகம், கடைத் திறப்பு விழாக்களில் கத்தரிக்கோல். "என்றெ அம்மச்சி பறயும்", எங்கம்மா சொல்லுவா என்று மலையாளத்தில் தொடங்காத நாளே இல்லை. டிவியில் அந்த அம்மச்சி நாளுக்கு நாள் வளர்ந்தாள். அம்மியில் அரைத்தாள், காந்தாரி மிளகாயை விரலால் நசுக்கினாள், கண்ணாலேயே உப்புப் பார்த்தாள். ஒரு கட்டத்தில் பெர்சிக்கே அவள்மேல் பாசம் வந்துவிட்டது. (இந்த வியாதி எனக்கும் உண்டு. இல்லாதவர்களோடு பழகிப் பிழைக்கிறவன் நான்.)

ஊரில் நடந்தது வேறு. ஞாயிறு பூசை முடிந்ததும் பெண்கள் மதலேனம்மாளைச் சூழ்ந்துகொண்டு பக்குவம் கேட்டார்கள். முதலில் எரிச்சல் வந்தது. "எல்லாம் கைப்பக்குவந்தான் போங்க" என்று தப்பித்தாள். போகப்போகப் பிடித்துப்போனது. அதுவரை பயந்து ஒதுங்கி நடந்தவர்கள் இப்போது கங்காணியின் தோளில் கைபோட்டுச் சிரித்துப் பேசினார்கள்.

3

பத்தாம் ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சி. அம்மச்சி தன் வீட்டு அடுப்பில் சமைக்க வேண்டும் என்றாள் தயாரிப்பாளர் நிமி.

இங்கே பெர்சி மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை என்பதை நம்பவைக்க ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் அவள் கோழை மாதிரித் தெரிந்தாள். அவள் கோழை அல்ல, பத்து வருடமாகப் பிடிபடாதவள். அப்படிப்பட்டவர்களுக்குத் துணிச்சல் கொஞ்சம் அதிகம். அப்பா முன்னதாகவே குழம்பை வைத்துவிடுவார், அம்மா கேமரா முன்னால் கிளறினால் போதும் என்று திட்டம் போட்டாள்.

நிமியோ மீன் கழுவுவதிலிருந்தே வேண்டும் என்றாள்.

வேதமுத்துவை வெளியே போயிருக்கச் சொல்லியிருந்தார்கள். போனார், அடுப்படி ஜன்னலுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டார்.

மதலேனம்மாள் புதுச்சேலையில் அடுப்பின் முன் நின்றாள். எண்ணெய் புகைகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மிளகாய்ப்பொடியைக் கொட்டினாள். வீடே இருமியது. நிமி இருமிக்கொண்டே "சூப்பர் அம்மச்சி" என்றாள். அடுத்து தண்ணீர், அது கொதிப்பதற்குள் மீன், குடம்புளி எல்லாம் ஒன்றாகப் போயின. பிறகு கரண்டியை விட்டுக் கிண்ட ஆரம்பித்தாள்.

"ஏ மதலேனா! கரண்டிய எடு! மீனு ஒடஞ்சு போகும்! சட்டியப் பிடிச்சுச் சுத்து!"

ஜன்னலில் வேதமுத்துவின் தலை.

(இந்த இடத்தில் ஒரு பூனையைக் குதிக்கவைத்துப் பெர்சியைக் காப்பாற்றலாமா என்று யோசித்தேன். வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.)

"இது ஆரா?" என்று ஜன்னலைக் காட்டிக் கேட்டாள் நிமி.

பெர்சி ஜன்னலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். வாயில் தயாராக ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார். ஆனால் வந்தது வேறு.

"எங்க அப்பா. எனக்குச் சமைக்கக் கத்துக் கொடுத்தது இவருதான்."

வேதமுத்து உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. கெட்டுப்போன சட்டியை இறக்கி, புதுச்சட்டியை ஏற்றி, மிச்ச மீனை எடுத்துக்கொண்டார். "உப்பு எங்க இருக்கு?" என்று பதற்றத்தில் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் மதலேனம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜின்சனின் கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. மதலேனம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. வாசல்படியில் போய் உட்கார்ந்தாள். பெர்சி பக்கத்தில் போனாள்.

"இது என்னைக்குடி வரும்?"

"ஞாயித்துக்கிழமம்மா."

"அப்ப நான் கோயிலுக்கு எப்படிடி போவேன்?"

தோட்டத்தைத் தாண்டிக் கேட்கிற அந்தக் குரல் பெர்சிக்கே சரியாகக் கேட்கவில்லை.

4

நிமி இரக்கமுள்ளவள். இதையே டிவியில் போடலாம், இல்லாவிட்டால் வெந்த குழம்பை அம்மச்சி கிளறுவதாக இன்னொரு முறை எடுக்கலாம், எது என்று அப்பச்சனே, பெர்சியின் அப்பாவே, சொல்லட்டும் என்றாள்.

நான் மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் வேதமுத்து "போடுங்க" என்கிறார். ஸ்டோருக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிறார், மதலேனம்மாள் பூசைக்குத் தனியாக நடக்கிறாள். இரண்டாவதில் "வேணாம்" என்கிறார். அவள் தோளில் பெண்களின் கை இருக்கிறது, அவர் மறுபடியும் ஜன்னலுக்குக் கீழே போகிறார். மூன்றாவதில் இருவரும் சேர்ந்து சமைத்ததாகச் சொல்லிக் கட்டிப்பிடித்து... (கிழித்துவிட்டேன். ஊறுகாய் விளம்பரம் மாதிரி இருந்தது.)

நடந்தது இது. மதலேனம்மாள் படியிலிருந்து எழுந்து வந்தாள். தட்டில் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், உடையாத மீனாகப் பார்த்து இரண்டு வைத்தாள். வேதமுத்துவின் முன்னால் தட்டை வைத்துவிட்டு ஜின்சன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அத அணைச்சு வையி. மனுசன் சாப்பிடட்டும்."

ஜின்சன் கேமராவை அணைத்தார். அவள் கணவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் எனக்குச் சரிதான்."

வேதமுத்து ஒரு கவளம் வாயில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

அவர் சொன்ன பதிலை ஜின்சன் எனக்குச் சொன்னார். நான் எழுதப்போவதில்லை. கேமராவை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசியவர்கள் அவர்கள். எழுதினால் நான் அதை மறுபடியும் ஓடவிட்டவன் ஆவேன். இருவரையும் உங்களுக்கு இப்போது தெரியும். அவர் மெதுவாக மென்றுகொண்டிருக்கிறார். விழுங்குவதற்குள் யோசித்துக்கொள்ளுங்கள்.