இடது பக்கத்துப் பெட்டி

எங்கள் வீட்டில் ஸ்டீரியோ செற் இருந்தது என்று சொல்வது பிழை. ஸ்டீரியோ செற்றின் வீட்டில் நானும் என் மனைவி மயிலம்மாவும் இருந்தோம். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு படுக்கையறையும் ஒரு முன்னறையும் கொண்ட சின்ன அனெக்ஸ். முன்னறையில் நெஞ்சளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், நடுவில் இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய அம்ப்ளிஃபயர், அதற்கு மேல் இசைத்தட்டு சுழலும் மெஷின். தந்திக் கந்தோரில் முப்பது வருடம் உழைத்து நான் சேர்த்த சொத்து அவ்வளவுதான். வருகிறவர்கள் இருக்கக் கதிரை கேட்டால் எனக்குக் கோபம் வரும். பாட்டை நின்று கேட்டால் என்ன, கால் தேய்ந்துவிடுமா?

தமிழர் வீடுகளைச் சோதிக்க ரவுண்டப் வரும்போதெல்லாம் ஆமிக்காரர் வாசலுக்குக் கிட்ட நின்ற இடது பெட்டியைத்தான் பிடிப்பார்கள். "மே மொனவத?", இது என்ன என்பார்கள். "சங்கீதய, மஹத்தயா", பாட்டுத்தான் ஐயா என்பேன். நம்பமாட்டார்கள். முதுகுப் பலகையைக் கழற்றி, உள்ளே சங்கீதமும் இல்லாமல் குண்டும் இல்லாமல் வெறும் பஞ்சு கிடப்பதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதனால் அந்தப் பெட்டியின் உடம்பெல்லாம் கீறல். வலது பெட்டி புது மாப்பிள்ளை மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றது.

தொண்ணூற்றாறு தை மாதத்தில் மயிலம்மாவின் அக்கா தையல்நாயகி, எனக்கு மச்சாள், ஒரேயொரு துணிப்பையோடு எங்களிடம் வந்து சேர்ந்தா. சண்டைக்குத் தப்ப யாழ்ப்பாணமே சாமான் சட்டோடு வீதியில் இறங்கிய முந்திய ஒக்ரோபர் மழையில் அவவும் அவவின் புருசனான என் சகலனும் நடந்தும் வள்ளத்திலும் கிளிநொச்சிக்குப் போனவர்கள். அங்கே ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், காய்ச்சல் கண்டு நாலாம் நாள் சகலன் போய்விட்டார். மச்சாள் பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் இருபத்தெட்டு வருடம் சங்கீத ரீச்சர். ஊரில் அவ பாடினால் கோயில் மணிக்காரனும் கயிற்றை விட்டுவிட்டுக் கேட்பான். அப்படிப்பட்ட மனுசி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு பேசியதெல்லாம் இரண்டு சொல்தான். "ஓம்." "வேண்டாம்." அழவும் இல்லை. சாப்பாட்டுக்கு "வேண்டாம்" என்பதுதான் அதிகம்.

முதல் கிழமை மச்சாள் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, அம்ப்ளிஃபயருக்கு முன்னால், பாயில் படுத்தா. ஒருநாள் விடிய மயிலம்மா தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் சத்தமாக வைத்தாள்.

"இஞ்சருங்கோ, அக்காவுக்கு ஒரு கட்டில் வேணும். அவ உந்தப் பெட்டியளுக்கு நடுவில ஒரு சாமான் மாதிரிக் கிடக்கிறா. இப்பிடியே விட்டா அவவும் போயிடுவா. பிறகு நீங்களும் உங்கட செற்றும் நல்லா இருங்கோ."

"மயில், ஸ்டீரியோ எண்டால் இரண்டு பெட்டி வேணும். ஒண்டை எடுத்தால்…"

"ஒண்டை எடுத்தால் ஒரு கட்டில் வரும்."

இதற்குமேல் என்ன வழக்காடுவது? புதுக்கடைக் கோர்ட்டு அப்புக்காத்துமார் எல்லோரும் சேர்ந்து வந்தாலும் அவளை வெல்ல முடியாது. சின்னதாகப் புதுச் செற் ஒன்று வாங்கலாம் என்றால் என் பென்சன் அதற்குக் காணாது. ஆகவே கொட்டாஞ்சேனையில் றேடியோ திருத்தும் மஷூரிடம் பண்டமாற்றுப் பேசினேன். இடது பெட்டியும் பெரிய அம்ப்ளிஃபயரும் அவனுக்கு. அதற்குப் பதிலாக ஒரு சின்ன அம்ப்ளிஃபயரும், அவனுடைய மச்சானின் கடையிலிருந்து இரும்புக் கட்டிலும் மெத்தையும் எங்களுக்கு.

"ஒரு பெட்டி போதுமா, சேர்? யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று மஷூர் கேட்டான்.

"எனக்குச் சொல்லித் தாறியோ? நீ பிறக்க முதல் நான் செற் பூட்டினனான்" என்று பாய்ந்தேன். பாவம், வாயை மூடிக்கொண்டு பெட்டியை வாகனத்தில் ஏற்றினான். அன்று பின்னேரமே அந்த இடத்தில் கட்டில் வந்தது. மச்சாள் அதில் அமர்ந்து மெத்தையைத் தடவிப் பார்த்தா.

ஒரு கிழமை றேடியோ மட்டும் போட்டேன். ஒற்றைப் பெட்டியில் செய்தியும் பாட்டும் கணீரென்று வந்தன. "பார்த்தீரா, பாதியாக் குறைச்சும் சத்தம் குறையேல்லை. அதுக்கு மூளை வேணும்" என்று மயிலம்மாவுக்கு நாளுக்கு நாலு தரம் சொன்னேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எனக்கு ஏழு நாள்தான் கிடைத்தது.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. மச்சாளுக்குப் பிடிக்கும் என்று மோகன ராகக் கீர்த்தனை இருந்த இசைத்தட்டைத் துடைத்துப் போட்டேன். வயலின் வந்தது. மிருதங்கம் வந்தது. பாடுகிறவவைக் காணவில்லை. பல்லவி தொடங்க வேண்டிய இடத்தில் மிருதங்கம் தன்பாட்டுக்கு நடந்தது, வயலின் யாருக்கோ பின்னால் போனது, முன்னால் போகிற ஆள் மட்டும் இல்லை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. றேடியோ இரண்டு பக்கத்துக்கும் ஒரே சத்தத்தைத்தான் தரும். ஆனால் அந்தக் காலத்து ஸ்டீரியோத் தட்டுகளில் பாட்டை ஒரு பக்கமும் பக்கவாத்தியத்தை மறுபக்கமும் பிரித்துப் பதிந்திருப்பார்கள். பாட்டு வந்தது இடது பெட்டியில். நான் மினுக்கத்தைப் பார்த்து வலது பெட்டியை வைத்துக்கொண்டு, பாடுகிற பெட்டியைக் கட்டிலுக்கு மாற்றியிருந்தேன்.

"என்னப்பா, பாட்டுக்காரி லீவோ?" என்று குசினியிலிருந்து மயிலம்மா கேட்டாள்.

"நீர் உம்மட சமையலைப் பாரும்!"

அம்ப்ளிஃபயரின் பின்பக்கம் இரண்டு பக்கத்தையும் இரண்டு துண்டு வயரால் சேர்த்துவிட்டால் எல்லாம் ஒரே பெட்டியில் வரும். ஐந்து நிமிட வேலை. தட்டை நிற்பாட்டக்கூடப் பொறுமையில்லாமல் அந்த வயர்களோடு அம்ப்ளிஃபயருக்குப் பின்னால் முழங்காலில் போய்ப் பூட்டும் இடத்தைத் தேடினேன். பல்லவி இரண்டாம் முறை வந்தது. அப்போது பாட்டுச் சத்தம் கேட்டது.

"மயில், சரிவந்திட்டுது!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் பார்த்தேன், வயர் இரண்டும் இன்னும் பொருத்தாமல் என் கையிலேயே இருந்தன.

எழும்பிப் பார்த்தேன். மச்சாள் கட்டிலில் நிமிர்ந்து இருந்து, தொடையில் தாளம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தா. மெல்லிய குரல். தண்ணீர் காணாத தொண்டை. ஆனால் சுருதி அசையவில்லை. பாதியாய் ஓடிய அந்தப் பாட்டை ஒரு சங்கீத ரீச்சரால் பொறுக்க முடியாமல் போயிருக்க வேண்டும். மயிலம்மா கரண்டியோடு குசினி வாசலில் நின்றாள், கண்ணைத் துடைக்கவும் தோன்றாமல்.

அனுபல்லவி முடிந்து சரணம் வந்தபோது மச்சாளின் குரல் உடைந்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, மூன்று மாதமாக அடக்கி வைத்த அழுகையெல்லாம் அழுதா. மயிலம்மா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். நான் தட்டை நிற்பாட்டக் கை நீட்டினேன்.

"விடும்" என்றா மச்சாள், முகத்தைப் பொத்தியபடியே.

விட்டேன். தட்டில் இருக்கிற மிருதங்கக்காரன் யாருக்காகவும் நிற்கமாட்டான். அவன் தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனான். தாளம் தொடங்கி ஒன்றரை அடி தள்ளி எடுக்க வேண்டிய பாட்டு அது. நல்ல வித்துவான்களே தடுக்கி விழுகிற இடம். மச்சாள் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை. ஆனால் ஒரு விரல் நெற்றியில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். மிருதங்கம் சுற்றி வந்தது. கண்ணீர் வடிய வடிய, அந்த ஒன்றரை அடியில், ஒரு மயிரிழை முந்தாமல் பிந்தாமல் சரணத்தை எடுத்தா. எத்தனையோ கச்சேரி கேட்ட காது இது. இப்படி ஒரு எடுப்பை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அழுதேன்.

தட்டு முடிந்தது. மச்சாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா.

"தம்பி, மிருதங்கக்காரன் நல்லாத்தான் வாசிக்கிறான். பாடுறவவை ஏன் குடுத்தனீர்?"

"நீங்கள் படுக்க இடம் வேணுமே, மச்சாள்" என்றேன். பொய்யொன்றும் வாயில் வரவில்லை.

அவ கட்டிலைப் பார்த்தா. முதல் பெட்டி நின்ற இடத்தைப் பார்த்தா.

"அப்ப இனி நான்தான் பாடவேணும்" என்றா. "தட்டைத் திருப்பிப் போடும்."

கையிலிருந்த வயர்களைக் கீழே போட்டுவிட்டுத் திருப்பிப் போட்டேன்.