பதினேழாம் கேள்வி

மனநல ஆலோசகருக்குக் கோபம் வரக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் யாரும் இணையத்தில் விண்ணப்பம் போட்டதில்லை.

என் பெயர் நாகவல்லி. காரைக்குடி கல்லுக்கட்டிக்குப் பக்கத்தில், ஒரு மாடியில், பதினாலு வருஷமாக ஆலோசனை மையம் நடத்துகிறேன். தபாலில் படித்த எம்.எஸ்ஸி. உளவியல், கூடவே ஒரு டிப்ளமோ. இத்தனை நாள் அது போதுமாக இருந்தது. இந்த வருஷம் புது விதி வந்துவிட்டது. மருத்துவமனையில் பயிற்சி எடுத்துப் பெரிய படிப்புப் படித்தவர்கள் முதல் நிலை. என்னைப் போன்றவர்கள் இரண்டாம் நிலை. முதல் நிலைக்காரர் ஒருவர் மேற்பார்வையாளராக இருந்து, ஒரு வருஷம் என் வேலையைப் பார்த்து, தேறும் என்று சொல்ல வேண்டும். முப்பதாம் தேதிக்குள் பதியாவிட்டால் பலகையைக் கழற்ற வேண்டியதுதான். விதியில் தப்பில்லை; கண்டவனெல்லாம் கவுன்சலிங் என்று பலகை மாட்டுகிற காலம். ஆனால் என் பலகையைக் கழற்றச் சொன்னால் வயிறு எரியுமா, எரியாதா?

கீழே கோட்டைச்சாமி அண்ணனின் பிரவுசிங் சென்டர். இருபத்தெட்டாம் தேதி காலையில் அங்கே போய் உட்கார்ந்தேன்.

“ரெண்டு நாள்தான் கெடக்கு, இப்பத்தான் வாரீகளா டீச்சர்?”

நான் டீச்சர் இல்லை. எங்கள் ஊரில் பிள்ளையை என்னிடம் கூட்டி வருகிற யாரும் கவுன்சலிங் என்று வெளியே சொல்வதில்லை. நாளைக்கு எவன் பெண் கொடுப்பான், எவன் எடுப்பான் என்று பயம். டியூஷன் என்று சொல்லிவிடுவார்கள். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மீசையை முறுக்கிக்கொண்டு, ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ என்று சொல்லிவிட்டு மாடி ஏறுவார். நான் எதையும் மறுப்பதில்லை. மறுத்தால் அவர்கள் ரகசியம் போச்சு.

அண்ணன் மேற்பார்வையாளர் பட்டியலைத் திறந்தார். மாவட்டத்துக்கே ஒரு பெயர்தான் இருந்தது. கோபிநாத்.

“அட, நம்ம நெற்குப்பைப் புள்ள! பெங்களூருல படிச்சுட்டு இப்பத்தானே வந்து ஆஸ்பத்திரி வச்சிருக்கான். ஒங்ககிட்ட டியூஷன் படிச்ச பயதானே? ரெண்டு வருசம் இந்தப் படியத் தேச்சானே!”

அது எந்த டியூஷன் என்று எனக்குத்தானே தெரியும். அவர் பாட்டுக்கு ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே போய், பதினேழாம் கேள்வியில் நின்று, சத்தமாக வாசித்தார். “மேற்பார்வையாளருக்கு நீங்கள் எப்போதாவது ஆலோசனை அளித்தது உண்டா?”

ஜெராக்ஸ் எடுக்க நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உண்டு என்றால் அந்தப் பையனைத் தெருவில் நிறுத்தின மாதிரி. இல்லை என்றால் பச்சைப் பொய்.

“வேற ஆளப் பாக்கணும்ணே” என்றேன்.

“ஏன், சொந்த மாணவன் கையெழுத்துப் போட்டா கௌரவக் கொறச்சலா?”

“ஆமா, அப்படியே வச்சுக்கங்க!” என்று கத்திவிட்டு மாடிக்குப் போனேன். அங்கே ஒரு குடும்பம் காத்திருந்தது.

அண்ணன் நல்ல மனிதர். நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்து, எனக்கு உதவி செய்துவிட்டார். ‘இல்லை’ என்று அமுக்கி, குறிப்பு என்ற கட்டத்தில் ‘மேற்பார்வையாளர் என்னிடம் கணக்கு டியூஷன் படித்தவர், நல்ல பையன்’ என்று தட்டி, கோபிநாத்தின் ஒப்புதலுக்கு அனுப்பியும் விட்டார்.

சாயங்காலம் கோபி சிரித்துக்கொண்டே படியேறி வந்தான். கையில் கைபேசி, அதில் என் விண்ணப்பம்.

“கணக்கு டியூஷனா மேடம்? ஒரு நாளாவது எங்கிட்டக் கணக்குக் கேட்டிருக்கீகளா?”

“அட பாவி மனுஷா!” கோட்டைச்சாமி அண்ணனைத்தான் சொன்னேன். “ஒப்புதல் குடுத்துராதடா. அது பொய்யி.”

“அப்ப உண்டுன்னு மாத்துங்க. எனக்கு ஒரு வெக்கமும் இல்ல.”

“உண்டுன்னு போட்டா நீ மேற்பார்வை பாக்க முடியாது. விதி அப்படி.”

“அப்ப இல்லைன்னே இருக்கட்டும். ஊரே டியூஷன்னுதானே சொல்லுது, யாருக்குத் தெரியப்போகுது? இல்லாட்டி ஒங்க பலகை போயிருமே மேடம்!”

ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன் என்று பீற்றிக்கொள்ள எனக்கு வராது. ஒரு அமுக்கு, அவ்வளவுதான்; அதுவும் நான் அமுக்கினதுகூட இல்லை.

“திருச்சியில ஒரு அம்மா இருக்காக. வெளி மாவட்டத்து ஆளும் செல்லுமாம். போன் பண்ணிட்டேன், நாளைக்கு வரச் சொல்லியிருக்காக. இனி வருசம் முழுக்க சனிக்கெழமை சனிக்கெழமை பஸ்ஸு.”

“நான் இங்ஙன இருக்கையில எதுக்குத் திருச்சி? நீங்க எனக்குச் செஞ்சதுக்கு இதக்கூட நான் செய்யக் கூடாதா?”

வந்ததே எனக்குக் கோபம். “மடப்பயலே! எனக்கு மார்க் போடுற ஆளா நீ ஆயிட்டா, நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா யார்கிட்டடா போவ? அந்தப் பட்டியல நானும் பாத்தேன். இந்த மாவட்டத்துல ஒனக்கு மேல ஒரு ஆளு இல்ல.”

அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

“மூணு மாசமாத் தூக்கமில்ல மேடம்” என்றான். “வர்றவுகளுக்கெல்லாம் எப்படித் தூங்குறதுன்னு நாந்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

அவன் கைபேசியை எடுத்து, என் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னான்.