கொளுவாமல் விட்ட கம்பி

பிரதீபா நாலு வருடமாகச் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறாள். டோர்செட் பார்க்கில் இருக்கும் வீட்டிலிருந்து, வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு இருபது நிமிடம். ஹெல்மெட் போடாமல், பின்விளக்கைப் போடாமல் ஒருநாளும் வீதிக்கு இறங்கியதில்லை.

ஒருநாள் மாலை முன்சில்லுக்குக் காற்றுப் போயிருந்தது. பிறேக் கம்பியைக் கழற்றிச் சில்லை எடுத்து, புது ரியூப் போட்டு, திரும்பப் பூட்டி இறுக்கினாள். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஓடிப்போனவள் பிறேக் கம்பியைத் திரும்ப மாட்டிக் கொளுவ மறந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் பிந்திவிட்டது. வழக்கமாக இரண்டு பிறேக்கையும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். அன்று பார்க்கவில்லை. வழியெல்லாம் பச்சை விளக்கு. பிறேக்குக்கு வேலையும் வரவில்லை.

பாலத்துக்கு இறங்கும் சரிவில் வேகம் பிடித்தது. கீழே சிவப்பு விழுந்தது. ஒரு பஸ் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. முன்பிறேக்கை அழுத்தினாள். பிடி கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. சைக்கிள் தன்பாட்டில் ஓடியது. பின்பிறேக்கை ஒரேயடியாகப் பிடித்தால் வீதியில் கிடந்த ஈர இலையில் சறுக்கும் என்பது அவளுக்குத் தெரியும். உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினாள். வேகம் குறைந்தது, ஆனால் போதாது. வலப்பக்கம் ஒரு தேவாலயத்தின் கார் நிறுத்துமிடம் திறந்து கிடந்தது. அதற்குள் திருப்பி, புல்லில் ஏறி, சைக்கிளோடு சரிந்தாள்.

முழங்கால் உரசி இரத்தம் வந்தது. எழுந்து பார்த்தபோதுதான் கழன்று தொங்கும் கம்பி கண்ணில் பட்டது. கொளுவுவதற்கு இரண்டு விநாடி போதும். கொளுவினாள். ஆனாலும் ஏறவில்லை. மிச்சத் தூரம் முழுக்க உருட்டிக்கொண்டே நடந்தாள்.

“என்ன அக்கா, காலெல்லாம் இரத்தம்? கார்காரன் இடிச்சவனோ?” என்று பதறினாள் இல்லத்தில் கூட வேலை செய்யும் ஜெனாட்.

“இல்லை. நான்தான் பிறேக்கைப் பூட்டாமல் ஓடினனான்.”

“நீங்களோ?”

“ஓம், நான்தான்.”

காயத்தைக் கழுவி பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். பத்து மணிக்கு ஒரு கிழவருக்கு ஓட்ஸ் கஞ்சி தீத்தும்போது கரண்டியிலிருந்து கஞ்சி சிந்தியது. வீதியில் வராத பயம் அப்போதுதான் வந்தது. கிழவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து, கரண்டியைத் தன் வாய்க்குக் கொண்டுபோனார்.

“ஜெனாட், கொஞ்சம் வாறியே?” என்றாள் பிரதீபா. “இவருக்கு நீ குடு. நான் அஞ்சு நிமிசம் இருந்திட்டு வாறன்.”