சிவப்பு பட்டன்

சூலியா தெருவின் பின்சந்தில் இருக்கும் தேங்காய்க் கடையில், ஹமீதா ஒரு கையால் சிவப்பு பட்டனை அமுக்கிப் பிடித்தபடி மறு கையால் தேங்காய்ப் பத்தைகளைத் துருவும் மிசினுக்குள் தள்ளினாள். சிவப்பிலிருந்து கையை எடுத்ததும் மிசின் நின்றது.

"நிறுத்துற பட்டன அமுக்கிக்கிட்டே பச்சையத் தட்டுனாதான் ஓடுது, சிவப்ப விட்டா நிக்குது. என்னத்தடா மாட்டி வச்சிருக்க?"

வயர்மேன் கோகிலன் தலையைச் சொறிந்தான். பழைய பட்டன் உடைந்துபோனதால் காலையில் புதியதை மாட்டியவன் அவன்தான்.

"வெளிய பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான்க்கா. நிறுத்துற பட்டன்ல உள்ள ரெண்டு தகடும் ஒட்டியே இருக்கும், அமுக்குனா பிரியும். நான் வாங்குனது பிரிஞ்சே இருக்கும், அமுக்குனாதான் ஒட்டும். மாத்தி எடுத்துட்டேன் லா."

"பொண்ணு பாக்கப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ. அங்கயும் மாத்தி எடுத்துறாத."

அவன் சிரித்துக்கொண்டே திருப்புளியை எடுத்தான். அவள் அவன் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினாள்.

"இரு. கழட்டாத."

அவளுடைய நடுவிரலில் நுனி இல்லை. போன நோன்பு மாதத்தில் மிசினுக்குள் போனது.

"அன்னிக்கிப் பட்டனத் தேடுறதுக்குள்ளதான் போச்சு. இதுல கைய எடுத்தாலே நிக்குதுல்ல? இப்படியே இருக்கட்டும்டா."

கோகிலன் திருப்புளியைப் பையில் போட்டான்.

முதலாளி ஹபீப் முகம்மது கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "ஒத்தக் கையில துருவுனா எப்பம்மா முடியும்? நாசி கண்டார் சோத்துக் கடைக்காரன் போன் மேல போன் போடுறான்."

"சரியான பட்டன் ஸ்டாக் இல்ல மொதலாளி. அடுத்த வாரம்தான் வரும்," என்றான் கோகிலன், ஹமீதாவைப் பார்க்காமல்.

விரல் போன அன்று அவளைத் தன் காடியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இருட்டும்வரை கூடவே உட்கார்ந்திருந்தவர் ஹபீப். இப்போது அவர் கறுப்பு டேப்பை எடுத்து வந்தார். சிவப்பு பட்டனைக் கட்டைவிரலால் அழுத்தி, மேலே இறுக்கிச் சுற்றினார்.

"இப்ப ரெண்டு கையும் ஃப்ரீ. நிறுத்தணும்னா ஒரு குரல் குடும்மா. மெயின் சுவிட்ச் என் நாற்காலிக்கு மேலதான இருக்கு, அடச்சிர்றேன்."

"மொதலாளி, இது ஆபத்து..."

"நீ சாமான ஒழுங்கா வாங்கியிருந்தா எனக்கு ஏன்டா இந்த வேல?"

அவரே பச்சையைத் தட்டினார். ஹமீதா இரண்டு கைகளாலும் பத்தைகளை அள்ளிப் போடத் தொடங்கினாள். வாசலில் தேங்காய் லாரி ஹாரன் அடித்தது. ஹபீப் வெளியே போனார்.

கோகிலன் போய் காலி நாற்காலிக்குப் பின்னால், சுவிட்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றான். அடுத்த வேலைக்குக் கூப்பிடுகிறவர்களால் அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.