இரண்டாவது பொட்டலம்

எனக்கு வாய் நீளம் என்று சொந்தத்தில் எல்லோரும் சொல்வார்கள். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிற நாற்பது பெண்பிள்ளைகளை வைத்து விடுதி நடத்துகிறவள் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அடுப்பில் உப்புமாகூட வேகாது. கேஸ்காரன், தண்ணி லாரிக்காரன், வாடகையை இழுத்தடிக்கிற பிள்ளை, யாரையும் நான் விட்டதில்லை. அப்படிப்பட்ட சாந்தாமணி ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஏழு மாதம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். சொல்லித் தொலைத்திருந்தால் ஒரு குழந்தை அத்தனை நாள் அழுதிருக்காது.

என் தம்பி கிருபாசங்கருக்கு நாற்பத்தொரு வயது. தொண்டாமுத்தூரில் நாலு ஏக்கர் தென்னை வைத்திருக்கிறான். பட்ட காலிலே படும் என்பார்களே, போன வருஷம் அவனுக்கு அப்படித்தான் இருந்தது. முதலில் மலையிலிருந்து ஆனை இறங்கிக் காய்க்கிற மரமாகப் பார்த்து முப்பதைச் சாய்த்துவிட்டுப் போனது. அடுத்து எங்கம்மா குளியலறையில் வழுக்கி இடுப்பு முறிந்து படுத்தாள். அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கும்போதுதான் இவனுக்கு மூச்சு வாங்கியது, கால் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தால் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள்.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நாள் முழுக்க ஒரு லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். அவன் மகள் ரித்திகா, ஒன்பது வயது, பாட்டிலில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, காலைக்கு இவ்வளவு, மத்தியானத்துக்கு இவ்வளவு என்று அப்பாவுக்கு அளந்து கொடுப்பாள். அவனோ கையில் ஊசி குத்தியபடி படுத்துக்கொண்டு, "சாமி இருக்குதுங்கக்கா. வழி காட்டாம உட்ருமா?" என்பான். உன்ற சாமிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாடா என்று நான் வைவேன். அவன் சிரிப்பான். அவன் நம்பிக்கையைப் பார்த்தால் எனக்குக் கோபமாகவும் வரும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைப்பான் என்றார் டாக்டர். அம்மாவுக்குச் சர்க்கரை. அவன் மனைவி புவனாவுக்கு ரத்த வகை சேரவில்லை. எனக்குச் சோதனை செய்தார்கள், எல்லாம் பொருந்தியது. டாக்டர் அதைச் சொன்னதும் அந்த அறையில் இருந்த அத்தனை கண்ணும் என் மேல் திரும்பியது. அதுக்கென்னங்க, குடுத்தாப் போச்சு என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

எனக்குப் பயம். அதை இப்போது மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மகன் பிறந்தபோது வயிற்றைக் கிழித்ததில் ரத்தம் நிற்காமல் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தவள் நான். இருபத்திரண்டு வருஷமாக டெட்டால் வாசனை வந்தாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். என் வீட்டுக்காரர் நஞ்சுண்டன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுவார், பழியை அவர் தலையில் கட்டிவிடலாம் என்று பார்த்தேன். அந்த மனுசன் சாவகாசமாக மோர் குடித்துவிட்டு, "உன்ற தம்பி, உன்ற உடம்பு அம்மணி. நீ எது சொன்னாலும் நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் குறுக்கே விழுகிறவர், விழ வேண்டிய அன்று நகர்ந்து நின்றுகொண்டார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஏன் என்று பாவம் அவருக்குத் தெரியாது.

அதனால்தான் பூக் கேட்கலாம் என்றேன். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். பெரிய காரியம் எதுவானாலும் குலசாமி கோயிலில் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் என்று வெளியே தெரியாமல் இலையில் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும்.

தம்பிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அதுதானுங்கக்கா சரி. நீங்களாக் குடுக்கறேன்னா வாங்கறதுக்கு எனக்குக் கூசுது. சாமி குடுக்கச் சொல்லுச்சுன்னா வாங்கிக்குவேன்" என்றான்.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை வெள்ளகோவில் தாண்டி எங்கள் பிறந்த வீட்டுக் குலசாமி கோயிலுக்குப் போனோம். தம்பி, புவனா, ரித்திகா, நான். பூசாரிக்கு அப்போதுதான் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வழக்கமாக அவர்தான் பொட்டலம் கட்டுவார். அன்று, கண்ணு கூசுதுங்க, வீட்டுப் பொம்பளை யாராச்சும் கட்டிக் குடுங்க என்றார். புவனா எழுந்தாள். நான் அவளை உட்காரச் சொல்லிவிட்டு எழுந்தேன்.

கோயிலுக்குப் பின்னால் அரளி இரண்டு நிறத்திலும் பூத்துக் கிடந்தது. வாழை இலையைக் கிழித்து முதல் பொட்டலத்தில் சிவப்பு வைத்துக் கட்டினேன். இரண்டாவதற்கு வெள்ளையைப் பறித்துக் கையில்கூட வைத்துக்கொண்டேன். ஒரு நிமிஷம் நின்றேன். அப்புறம் அதைக் கசக்கிச் செடிக்குள் எறிந்துவிட்டு மறுபடியும் சிவப்பையே பறித்தேன். யாரும் பார்க்கவில்லை. சாமி பார்த்தது. சாமி பார்க்கிறது என்று தெரிந்தேதான் கட்டினேன்.

ரித்திகா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, இரண்டு பொட்டலத்துக்கும் மேலே கையை அப்படியும் இப்படியும் கொண்டுபோனாள். இடது பக்கத்தில் இருந்ததைத் தொட்டாள். கையை எடுத்துவிட்டு வலது பக்கத்தில் இருந்ததை எடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு.

புவனா கோயில் தூணைப் பிடித்துக்கொண்டாள். தம்பி கொஞ்ச நேரம் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம், "உடுங்கக்கா. சாமி சொல்லிப்போட்டா அப்பறம் என்ன இருக்குது" என்றான். எனக்கு ஆறுதல் சொன்னான், எனக்கு! எடுக்காத பொட்டலத்தைக் கிணற்றில் போட்டுவிடலாம் என்று நான் கை நீட்டினேன். புவனா அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "இருக்கட்டுங்கண்ணி. அதுவும் சாமி காலடியில இருந்த பூத்தானுங்களே" என்றாள்.

அதற்குப் பிறகு நான் செய்யாததில்லை. ஆஸ்பத்திரிக்கு அவனை நானே காரில் கூட்டிப்போனேன். உப்பில்லாமல் சமைத்துத் தூக்குப்போசியில் கொண்டுபோனேன். அம்மாவுக்கு ஆள் போட்டேன். சாந்தாமணி மாதிரி அக்கா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் செருப்பால் அடி வாங்கின மாதிரி இருக்கும். கோயிலுக்குப் போனால் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். தம்பி வீட்டுச் சாமி அலமாரியில் அந்தப் பொட்டலம் காய்ந்து சுருங்கி உட்கார்ந்திருந்தது. புவனா தினமும் அதற்கும் சேர்த்துச் சூடம் காட்டினாள்.

இன்னொன்றையும் கவனித்தேன். சாமி இருக்குதுங்கக்கா என்கிற பேச்சு தம்பி வாயில் வருவதே இல்லை. உடம்பு அசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் ரித்திகாவுக்குத் துணி எடுத்துக்கொண்டு போனேன். பச்சையில் ஒரு பாவாடை சட்டை, ஊதாவில் ஒரு கவுன். ஒன்று அவளுக்கு, இன்னொன்று என் நாத்தனார் பேத்திக்கு. தம்பி டயாலிசிஸ் முடிந்து வந்து கூடத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இரண்டையும் விரித்து, உனக்கு எது வேணுமோ எடுத்துக்க கண்ணு என்றேன். பிள்ளை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே ஒண்ணு குடுங்கத்தை."

வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக் கேலி செய்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புவனாதான் சமையலறையிலிருந்து வந்து, மெதுவாகச் சொன்னாள். கோயிலுக்குப் போய் வந்ததிலிருந்து இப்படித்தானாம். கடைக்குப் போனால் மிட்டாய்கூடத் தானாக எடுப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்குக் குழு பிரிக்கச் சீட்டு எடுக்கச் சொன்னதற்கு, மாட்டேன் என்று அழுது காய்ச்சலே வந்துவிட்டதாம்.

ஏன் கண்ணு என்று கேட்டேன்.

"நான் எடுத்தாத் தப்பா வருமுங்கத்தை" என்றாள். அப்புறம் அப்பாவுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அன்னிக்கு மொதல்ல அந்தப் பக்கத்ததைத்தான் தொட்டேன். அதையே எடுத்திருந்தா அப்பாவுக்குச் சரியாயிருக்குமில்லீங்க?" என்று கேட்டாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று எத்தனையோ தடவை மற்றவர்களைச் சொல்லியிருக்கிறேன். தம்பி செத்துப்போவானோ என்று பயந்திருக்கிறேன், சாமி தண்டிக்குமோ என்று பயந்திருக்கிறேன். இந்தப் பிள்ளை ஏழு மாதமாகத் தன் கையையே வெறுத்துக்கொண்டு திரிந்தது எனக்குத் தெரியவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் போயிருக்கிறேன். என்ன ஜென்மம் நான்?

எழுந்து போய்ச் சாமி அலமாரியிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். ஐயோ, அதைப் பிரிக்கக் கூடாதுங்கண்ணி என்று புவனா பதறிக்கொண்டு வந்தாள். நான் நாரை அறுத்தேன். இலை தூள்தூளாக உதிர்ந்தது. உள்ளே அரளி சுருங்கிக் கறுத்திருந்தது. கறுத்தாலும் அது சிவப்பு என்று எந்தக் கண்ணுக்கும் தெரியும்.

பிள்ளைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அவள் கையைப் பின்னாலிருந்து இழுத்து, உள்ளங்கையில் அந்தப் பூவை வைத்தேன்.

"ரெண்டுலயும் சிவப்புத்தான் கண்ணு. அத்தைதான் வெச்சேன். அறுத்துக் குடுக்கப் பயந்துக்கிட்டு வெச்சுப்போட்டேன். நீ எதை எடுத்திருந்தாலும் இதுதான் வந்திருக்கும். உன்ற கை ஒரு தப்பும் பண்ணுல."

ரித்திகா பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். புவனா நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கத்தியிருந்தால், காறித் துப்பியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஏழு மாசமுங்கண்ணி" என்றாள். "வாரத்துக்கு மூணு நாளுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த மரியாதையை விட்டுக்கொடுக்காமலே சொன்னாள். நான் தலையை நிமிர்த்தவில்லை. திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கலாம், மறுபடியும் சோதனை பண்ணச் சொல்லலாம், பூவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நான் குடுக்கிறேன், பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் குடுக்கிறேன் என்று தரையைப் பார்த்தே சொல்லிக்கொண்டு போனேன். உளறினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கட்டில் முனகியது. தம்பி எழுந்து உட்கார்ந்திருந்தான். அவன் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இனி நீ எனக்கு அக்கா இல்லை என்பான், எழுந்து போகச் சொல்லுவான் என்று காத்திருந்தேன்.

"அப்ப சாமி என்னை வேண்டாம்னு சொல்லலீங்களாக்கா?"

எனக்குப் புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். ஊசி போடும்போதுகூட அழாதவன், கன்னமெல்லாம் நனைய உட்கார்ந்திருந்தான்.

"நான் என்ன பாவம் பண்ணுனேன், எதுக்கு இவன் பொழைக்க வேண்டாம்னு முடிவு பண்ணுனீன்னு சாமிகிட்டத் தெனமும் கேட்டுட்டுக் கெடந்தேனுங்க. ஒரு பதிலும் இல்ல. சாமி அப்படிச் சொல்லவே இல்லீங்களா?"

"இல்லைடா" என்றேன். "சாமி ஒண்ணுமே சொல்லுல. நான்தான் சொன்னேன்."

கிட்னியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனிடமிருந்து நான் எதைப் பிடுங்கி வைத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஊசி குத்திய கையைச் சுவரில் ஊன்றி எழுந்து, சாமி அலமாரிக்கு முன்னால் போய் நின்றான். ரித்திகா பூவை வைத்திருந்த கையை மூடாமல் அப்படியே நீட்டிக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"சாமி இருக்குதுங்கக்கா" என்றான் திரும்பாமலே.

எப்போதும் அதற்கு ஏதாவது வைவேன். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.